ஈயச் சிப்பாய்கள்

இதை எழுதச் சொன்ன நண்பர் கவிதை எழுதுகிறவர். என் வீட்டுக்கு வந்தவர் புத்தக அலமாரியைப் பார்க்கப் போய், அதற்குப் பக்கத்திலிருந்த கண்ணாடி அலமாரி முன்னால் நின்றுவிட்டார். “கொலுவா? வருஷம் பூரா வைத்திருக்கிறீர்களே” என்றார். உள்ளே வரிசை வரிசையாகச் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள். ஒவ்வொருவனும் 28 மில்லிமீட்டர் உயரம், அதாவது ஒரு தீக்குச்சியைவிடக் கொஞ்சம் குட்டை. கொலு இல்லை, இவற்றை மேஜைமேல் நிறுத்திப் போர் ஆடுவோம் என்று சொன்னேன். அவர் முகத்தில் தோன்றியது எனக்குப் பழக்கமானதுதான். மரியாதை நிமித்தம் அடக்கிக்கொள்ளப்பட்ட ஒரு சங்கடம். வயது வந்த ஒருவன், வாசிக்கிற பழக்கமும் உள்ளவன், ஈயப் பொம்மைகளுக்குச் சாயம் பூசிச் சாகடித்து விளையாடுகிறான் என்றால் அதில் அபத்தம் இருக்கத்தான் செய்கிறது. அந்த அபத்தத்தை மறுக்க நான் இதை எழுதவில்லை. அதற்குள் எனக்கு நேர்ந்த ஒன்றிரண்டு விஷயங்களைச் சொல்ல மட்டும் உத்தேசம்.

1998ல் வேலை நிமித்தமாக இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமுக்குப் போனேன். அந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலும் இந்தச் சிற்றுருவங்களை வார்த்து விற்கிறவர்கள் அதிகம் என்பது போகும்போது எனக்குத் தெரியாது. மழை பெய்த ஒரு சனிக்கிழமை, ஒதுங்குவதற்காக ஒரு சர்ச் மண்டபத்துக்குள் நுழைந்தேன். நீள மேஜைகள், பச்சைத் துணி, தெர்மோகோலில் வெட்டிய குன்றுகள், நீலப் பெயிண்ட் அடித்த நதி. அதைச் சுற்றி ஐம்பது அறுபது வயது ஆண்கள், கையில் அளவு நாடாவும் பகடையும். யாரும் சத்தம் போடவில்லை. ஒருவர் குனிந்து, ஒரு குதிரைப்படையை ஆறு அங்குலம் நகர்த்திவிட்டு, அது போதுமா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். எனக்குச் சதுரங்கம் பார்த்த ஞாபகம் வரவில்லை. எங்கள் ஊர்க் கோவிலில் சப்பரம் ஜோடிப்பவர்கள் கடைசியாக ஒரு தடவை தள்ளி நின்று பார்ப்பார்களே, அது ஞாபகம் வந்தது. அங்கேதான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் பரிச்சயமானார். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

வேலை நுணுக்கமானது, அலுப்பானது, அலுப்பிலேயே சுகம் தருவது. வெள்ளீயக் கலவையில் வார்த்த உருவம் வெறும் சாம்பல் நிறமாக வரும். அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் உடம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடும். முதலில் அதைக் கத்தியாலும் சின்ன அரத்தாலும் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, அடிப்பூச்சு. கறுப்பா வெள்ளையா என்பதில் சண்டையே உண்டு. கறுப்பு அடித்தால் நிழல்கள் தாமே கிடைத்துவிடும், நிறங்கள் கொஞ்சம் மங்கும். நான் கறுப்புக் கட்சி. அதன்மேல் ஒவ்வொரு நிறமும் மூன்று அடுக்கு. சிவப்பென்றால் முதலில் ரத்தம் காய்ந்த மாதிரி ஒரு சிவப்பு, அதில் மடிப்புகளை விட்டுவிட்டு அசல் சிவப்பு, மேடுகளில் மட்டும் ஆரஞ்சுக்குப் பக்கமாக ஒன்று. வெளிச்சம் பொம்மைமேல் விழுகிற இடத்தை நாமே எழுதிவிடுகிறோம். ஏனென்றால் இவ்வளவு சிறிய பொருளின் மேல் விழுகிற உண்மையான வெளிச்சம் போதாது. சிறிதாக்கினால் யதார்த்தம் தானாகக் கூடவே சிறிதாகி வந்துவிடுவதில்லை, அதை மிகைப்படுத்தித்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. சிறுகதையில் உரையாடல் எழுதுகிறவர்களுக்கு இது புதிதாக இராது.

மூன்றடி தூரத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியுமோ அதை மட்டும் தீட்டு என்று ஆசிரியர் சொல்வார். ஆடுகிறவன் நின்று பார்க்கிற தூரம் அது. கண்ணுக்குக் கருவிழி வைக்காதே, மூன்றடியில் முழித்துக்கொண்டிருப்பது போல் தெரியும். புருவத்தடியில் ஒரு நிழல் போதும் என்பார். மாலை வேளைகளில் உட்கார்ந்தால் இருபத்து நாலு பேரை முடிக்க எனக்கு ஒரு மாதம் ஆகும். ஒரு பொம்மை இருபது பேருக்குச் சமம் என்பது நாங்கள் ஆடிய விதி. ஆக இருபத்து நாலு பொம்மை ஒரு பட்டாலியன், நானூற்றெண்பது மனிதர்கள்.

இந்த விளையாட்டின் வம்சாவளியைத் தேடிப் போனால் விசித்திரமான இடங்களில் கொண்டுவிடும். 1824ல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் பிரஷ்ய அதிகாரி, வரைபடத்தின் மேல் உலோகக் கட்டைகளை நகர்த்தியும் பகடை உருட்டியும் ஆடும் ஒன்றைத் தன் ராணுவத்துக்குக் கொடுத்தார். அது அதிகாரிகளின் பயிற்சி. 1893ல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் கம்பெனி, உள்ளே கூடாக ஈயச் சிப்பாய்களை வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தபோது பொம்மை மலிந்தது. 1913ல் எச். ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற புத்தகம் போட்டார். தரையில் உட்கார்ந்து, ஸ்பிரிங் வைத்த பொம்மை பீரங்கியால் மரக்குச்சிகளைச் சுட்டுப் பொம்மைகளை வீழ்த்துவதற்கான விதிகள். சிறிய போரை ஆடிப் பார்த்தவனுக்குப் பெரிய போர் எவ்வளவு மூடத்தனம் என்று புரிந்துவிடும் என்பது அவர் வாதம். அடுத்த வருஷம் பெரிய போர் வந்தது. வெல்ஸின் வாதம் பொய்த்ததா, அல்லது போரை நடத்தியவர்கள் தரையில் உட்கார்ந்து ஆடவில்லையா என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. பிரஷ்யர்கள் ஆடித்தான் இருந்தார்கள்.

எனக்கு அதிகம் பிடித்தது வேறு இரண்டு. ஒன்று, ஸ்டெர்னின் ‘டிரிஸ்ட்ரம் ஷாண்டி’ நாவலில் வரும் டோபி மாமா. நமூர் முற்றுகையில் அடிபட்டவர். எந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தபோது அடிபட்டது என்று வந்தவர்களுக்கு விளக்க முயன்று முயன்று, முடியாமல் போய், வரைபடம் வாங்கி, பிறகு வரைபடமும் போதாமல் புல்தரையில் கோட்டைகளைக் கட்டத் தொடங்குகிறார். மற்றது, 1826ல் பிரான்டி வீட்டுக்கு வந்த பன்னிரண்டு மரச் சிப்பாய்கள். தம்பிக்கு அப்பா வாங்கி வந்தது. குழந்தைகள் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். ஷார்லட் தன் சிப்பாய்க்கு வெலிங்டன் பிரபு என்று பெயர் வைத்தாள், தம்பி நெப்போலியன் என்று. அவர்கள் எழுதத் தொடங்கியது அந்தப் பொம்மைகளிலிருந்துதான்.

வெலிங்டன் என்ற பெயர் எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். பிரபுவாக அல்ல, நீலகிரியில் ஓர் ஊராக. என் அப்பா 1962ல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தார். பயிற்சி வெலிங்டனில். ஹவில்தாராக ஓய்வுபெற்றுத் திருநெல்வேலிக்கு வந்தபோது அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு தொப்பிச் சின்னம் இருந்தது, அதில் ஒரு யானை. நெல்லையப்பர் கோவில் யானை என்றே நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா பட்டாளத்தைப் பற்றிப் பேசமாட்டார். 1971ல் கிழக்கு எல்லையில் இருந்தார் என்பது அம்மா சொல்லித்தான் தெரியும். டோபி மாமாவுக்கு நேர் எதிர். அவருக்குப் புல்தரையும் தேவைப்படவில்லை, கேட்க வருகிறவர்களும் தேவைப்படவில்லை.

நாட்டிங்ஹாமில் நூலகப் புத்தகம் ஒன்றில் அந்த யானையை மறுபடி பார்த்தேன். அது அஸ்ஸாயே யானை. 1803 செப்டம்பர் 23ல் இன்றைய மஹாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில், கெய்ட்னா நதிக்கரையில், பின்னால் வெலிங்டன் ஆகப்போகிற ஆர்தர் வெல்லஸ்லி, சிந்தியாவும் பேரார் ராஜாவும் சேர்ந்த மராட்டியப் படையை முறியடித்தார். இரண்டு கிராமங்கள் ஆற்றின் இரு கரையிலும் எதிரெதிரே இருப்பதைப் பார்த்து, அங்கே ஆற்றில் இறங்கிக் கடக்கத் துறை ஒன்று இருந்துதானாக வேண்டும் என்று ஊகித்து அவர் படையைக் கொண்டுபோன கதை புத்தகத்துக்குப் புத்தகம் வரும். வாட்டர்லூவைவிட இதைத்தான் தன் சிறந்த சண்டையாக அவர் பிற்காலத்தில் சொன்னதாகவும் சொல்வார்கள். வெள்ளைக்காரக் காலாட்படை அவரிடம் இரண்டு ரெஜிமெண்ட்தான், இரண்டும் ஸ்காட்லாந்துக்காரர்கள். அவர்களோடு மெட்ராஸ் சிப்பாய்கள் ஐந்து பட்டாலியன். அந்த ஐந்தையும் தீட்டுவது என்று தீர்மானித்தேன். மராட்டியப் பக்கத்தை ஆசிரியர் எடுத்துக்கொண்டார். ஓர் ஆங்கிலேயர் சிந்தியாவுக்காகப் பீரங்கிகளை அடுக்க, எதிரே ஒரு திருநெல்வேலிக்காரன் கம்பெனிக்காகப் படை திரட்டினான். இதில் யாருக்கும் எந்த முரணும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

மெட்ராஸ் சிப்பாயின் உடை அந்தக் காலத்தில் இப்படி: சிவப்புச் சட்டை, தொடை பாதி வரைக்கும் வெள்ளைக் கால்சட்டை, அதன் ஓரத்தில் நீலத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு கரை, வெறுங்கால், செருப்பு, தலையில் உயரமான நீலத் தலைப்பாகை. ரம்பப் பல் கரையைப் போடப் பத்து நாள் பழகினேன். தோல் நிறத்துக்குக் கடையில் விற்கிற கலவை எதுவும் சரிவரவில்லை. ‘இந்தியன்’ என்று எழுதியிருந்த புட்டியைத் திறந்தால் செங்கல். பழுப்போடு நீலம் ஒரு சொட்டு சேர்த்து என் கையையே பக்கத்தில் வைத்துக்கொண்டு கலந்தேன். இருபத்து நாலு பேருக்கும் ஒரே நிறம் வேண்டாம் என்று நாலு விதமாகக் கலந்தேன்.

பிறகு நெற்றி. அந்த அளவில் நெற்றி என்பது ஒரு மில்லிமீட்டர்கூட இராது. தலைப்பாகை இறங்கியது போகக் கிடைப்பது இன்னும் குறைவு. அதில் மூன்று பட்டை இழுக்க முடியாது. வெள்ளையை நுனியில் தொட்டு, மூச்சை நிறுத்தி, ஒரே ஒரு கீற்று. ஒரு பட்டாலியனில் பதினோரு பேருக்குத் திருநீறு, நாலு பேருக்கு நாமமாக நெடுக்கில் ஒரு புள்ளி, சிலருக்குத் தாடி, மற்றவர்களுக்கு வெறும் நெற்றி. ஆசிரியர் வந்து பார்த்தார். மூன்றடியில் இது தெரியாதே என்றார். தெரியாது என்றேன். அவர் நல்ல மனிதர், மேலே கேட்கவில்லை.

நெற்றியை நான் விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. 1805 நவம்பரில் மெட்ராஸ் படைத் தளபதி ஜான் கிராடக்கின் காலத்தில் வந்த உத்தரவு, அணிவகுப்பில் சிப்பாய்கள் நெற்றிக் குறி இட்டுக்கொள்ளக்கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்றது. தலைப்பாகைக்குப் பதில் தொப்பி மாதிரி ஒன்றும், அதில் தோலில் செய்த குஞ்சமும் வந்தன. மறுத்தவர்களுக்குக் கசையடி. 1806 ஜூலை 10ம் தேதி விடிவதற்கு முன்னால் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். அஸ்ஸாயேக்கு மூன்று வருஷம்கூட முழுசாக ஆகியிருக்கவில்லை. என் பிரஷ்ஷின் நுனியில் இருந்த அந்தக் கீற்று, அஸ்ஸாயேயில் அனுமதிக்கப்பட்ட ஒன்று. வேலூரில் ஒருவனைச் சாகத் துணிய வைத்தவற்றில் ஒன்று.

அஸ்ஸாயேயை நாங்கள் பல தடவை ஆடினோம். சில தடவை சிந்தியா ஜெயித்தார். ஆட்டத்தில் சாவு மிகவும் எளிமையானது. பகடை உருள்கிறது, எதிராளி எண்ணைச் சொல்கிறார், அத்தனை பொம்மைகளை எடுத்து ஓரத்தில் வைக்கிறோம். அஸ்ஸாயேயில் வெல்லஸ்லியின் பக்கம் செத்தவர்கள் 428, காயம்பட்டவர்கள் 1,138, காணாமல் போனவர்கள் 18. இறந்த அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு, சிப்பாய்களுக்கு எண்ணிக்கை. இந்த 428ஐ ஒருநாள் என் விதிப்படி மாற்றிப் பார்த்தேன். இருபத்தொரு பொம்மைகள் வந்தன. எட்டுப் பேர் மிஞ்சினார்கள். எந்தப் பொம்மையிலும் அவர்களைச் சேர்க்க முடியவில்லை. கணக்கில் அது பெரிய பிழை அல்ல. ஆனால் அன்று இரவு வண்ணப் புட்டிகளை மூடும்போது, அந்த எட்டுப் பேரும் மெட்ராஸ்காரர்கள் என்று எனக்குள் எப்படியோ நிச்சயமாகியிருந்தது.

ஒரு குளிர்காலத்தில் ஆசிரியர் ஒரு யோசனை சொன்னார். நம்மிடம் எல்லா உருவங்களும் இருக்கின்றனவே, வேலூரை ஆடினால் என்ன? உண்மைதான். சிப்பாய்கள் இருந்தார்கள். கோட்டைக்குள் இருந்த 69ம் ரெஜிமெண்ட் வெள்ளைக்காரர்களுக்கு நாலைந்து பேரை மாற்றித் தீட்டினால் போதும். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி கூட்டிவந்த 19ம் லைட் டிராகூன் குதிரைப்படைக்கு ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. அது அஸ்ஸாயேயில் மெட்ராஸ் சிப்பாய்களோடு சேர்ந்து சண்டையிட்ட அதே ரெஜிமெண்ட். அதே பெட்டியில், அதே பஞ்சுக்குள் படுத்திருந்தது.

நான் வரைபடம் போட்டேன். அகழி, கோட்டைச் சுவர், கதவு, திப்புவின் குடும்பம் இருந்த மஹால். காலை மூன்று மணி என்றால் எவ்வளவு தூரம் பார்வை, ஆற்காட்டுக்குச் செய்தி போய்ப் படை வந்துசேர எத்தனை சுற்று, எல்லாவற்றுக்கும் விதி எழுதினேன். நன்றாகவே வந்தது, அதுதான் சங்கடம். கில்லெஸ்பி கயிறு பிடித்து மதில் ஏறுகிறார், பீரங்கி கதவைப் பிளக்கிறது, குதிரைப்படை உள்ளே வருகிறது. அதற்குப் பிறகு மஹாலுக்குள் ஒளிந்திருந்த சிப்பாய்கள் நூறு பேர் வரை வெளியே கொண்டுவரப்பட்டு ஒரு சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். அந்த இடத்தில் என் பென்சில் நின்றது.

அதற்கு விதி எழுத முடியவில்லை. மனசு இடம் கொடுக்கவில்லை என்று சொன்னால் என்னைப் பற்றி நல்லபடியாக இருக்கும். அது முழு உண்மை அல்ல. எழுத ஒன்றும் இல்லை என்பதே உண்மை. எது நடக்கும் என்று தெரியாதபோதுதான் பகடைக்கு வேலை. சுவரோரம் நிற்கிற நூறு பேர், எதிரே துப்பாக்கி. அதில் பகடை உருட்ட என்ன இருக்கிறது? விளையாட்டு என்ற வடிவம் சந்தேகத்தை மட்டுமே ஏற்றுக்கொள்ளும். சண்டையை ஏற்கும், படுகொலையை ஏற்காது. ஆனால் வரலாற்றில் சண்டையும் படுகொலையும் ஒரே காலைப்பொழுதில், ஒரே ஆட்களால், உடுப்பு மாற்றாமல் நடக்கின்றன. எங்கள் மேஜை இத்தனை வருஷமும் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. கதவு பிளந்ததும் ஆட்டம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாமே என்றார் ஆசிரியர். வைத்துக்கொள்ளலாம்தான். எல்லோரும் அப்படித்தான் வைத்துக்கொள்கிறார்கள். நான் வேண்டாம் என்றேன். அவர் டீ போடப் போனார்.

2009ல் ஊருக்கு வந்தபோது ஒரு பட்டாலியனைப் பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்து எடுத்து வந்தேன். அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று. அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து அவர் முன்னால் நிறுத்தினேன்.

“என்னடே இது?”

“மெட்ராஸ் பட்டாளம்பா. அந்தக் காலத்துல. நம்ம யானை இருக்குல்லா, அந்தச் சண்டை.”

ஒன்றை எடுத்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணுக்கு ஒட்டப் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “துன்னூறுல்லாம் பூசியிருக்கான்” என்றார். மூன்றடிக்கு அப்பால் தெரியாத அந்தக் கீற்றை எனக்கு அடுத்து பார்த்த ஆள் அவர்தான்.

“எந்த ஊர்க்காரன் இவன்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. வேலூரில் இருந்த 23ம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாலியனில் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள், பாளையக்காரர்களிடம் முன்பு இருந்தவர்கள், நிறையப் பேர் இருந்தார்கள் என்று சொன்னேன். அந்தப் பட்டாலியனைக் கலைத்துவிட்டார்கள் என்றும் சொன்னேன். அது அவர் கேட்டதற்குப் பதில் இல்லை என்று இருவருக்குமே தெரிந்தது. பிறகு ஆட்டத்தை விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே, விழுந்திருந்த இரண்டு பொம்மைகளை நிமிர்த்தி வைத்தார்.

“செத்தவன எங்கடே வைப்பீங்க?”

“பெட்டியிலதான். அடுத்த ஆட்டத்துக்கு மறுபடி எடுத்துக்கிடலாம்.”

“பெட்டியில” என்றார். கேள்வியாக இல்லை. கொஞ்சம் கழித்து, எழுபத்தொன்றில் தன்னோடு இருந்த ஒருவனின் பெயரையும் ஊரையும் சொன்னார். அவன் கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு சின்னக் கிராமம். டீ நன்றாகப் போடுவான் என்றார். அவனுக்கு என்ன ஆயிற்று என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் நாற்பது வயது வரை நான் அவரிடமிருந்து கேட்ட பட்டாளக் கதை இது ஒன்றுதான். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அப்பா எழுந்து போகும்போது பொம்மைகளைத் தாண்டாமல் சுற்றிப் போனார்.

இந்தப் பொம்மைகளின் அடித்தட்டுக்குக் கீழே, எந்தப் பட்டாலியன் என்று குறித்து வைப்பது வழக்கம். பெட்டியில் கலந்துவிடாமல் இருப்பதற்காக. நாட்டிங்ஹாம் திரும்பியதும் அப்பா கையில் வைத்துப் பார்த்த பொம்மையின் அடியில், அவர் சொன்ன பெயரையும் ஊரையும் எழுதினேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. 1803க்கும் 1971க்கும் நடுவில் 168 வருஷம் இருக்கிறது. சட்டைப் பொத்தானின் எண்ணிக்கைக்காக மாதக்கணக்கில் புத்தகம் புரட்டிய நான் செய்த இந்தக் காலக்குழப்பத்தை ஆசிரியரிடம்கூடச் சொல்லவில்லை. மற்ற அடித்தட்டுகளில் எழுத எனக்குப் பெயர்கள் கிடைக்கவில்லை.

அப்பா 2016ல் காலமானார். நான் ஊரோடு வந்துவிட்டேன். இங்கே என்னோடு ஆட யாரும் இல்லை. இருந்தாலும் இப்போதும் தீட்டுகிறேன், குதிரைப்படையில் பாதி மிச்சம் இருக்கிறது. அது எனக்குச் சந்தோஷம் தருகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நண்பர் அன்று போகும்போது ஒரு பொம்மையைக் கையில் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். கொடுத்தேன். அவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாமல், கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். வெள்ளெழுத்து. நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.